கை நனைக்காமல் போன சம்பந்தி

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஞானசிகாமணி, தை பிறந்த பத்தாம் நாள் காலையில் வாய் நிறையப் பல்பொடி நுரையோடு கிணற்றடியில் நின்று அடுத்தடுத்துப் பதினோரு தும்மல் போட்டார். பதினோராவது தும்மலில் அவருடைய வெள்ளையணுக்கள் அத்தனையும் மூக்கு வழியாக வெளியே வந்து, ஈரமண்ணில் விழுந்து, ஆளுக்கு ஒரு இட்லி அளவுக்கு உப்பி, உருண்டும் நெளிந்தும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசல் கேட்டுக்கு உள்பக்கமாக வரிசைகட்டி நின்றுவிட்டன. சிகாமணி மூக்கைத் துடைத்து, வாயைக் கொப்பளித்து, காப்பி குடிக்கப் போனார்.

அவர் மனைவி சொர்ணபாய்தான் முதலில் பார்த்தாள். யாரோ இட்லியை அவித்து வாசலில் ஆறப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஈ மொய்க்கக் கூடாதே என்று ஒரு துணியைக் கொண்டுவந்து மூடினாள். துணிக்கு அடியிலிருந்து ஒன்று தன் உடம்பையே கையாக நீட்டி, மேலே உட்கார்ந்திருந்த ஈயைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஈ கரைகிற வரைக்கும் நின்று பார்த்த சொர்ணபாய், துணியை உதறி மடித்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டு, இது திங்கிற சாமான் இல்லை போல, வந்து என்னவென்று பார் என்றாள்.

மகள் எப்சிபாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. நாள் முழுக்கக் குனிந்து ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிற பிள்ளை. அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டைப் புரட்டிப் பார்த்து, "வெள்ளையணு" என்றாள். யாருடையது என்று சொர்ணபாய் கேட்டதற்கு, அப்பாவுடையதுதான், போன மாதம் நானே எண்ணினேன், எனக்கு அடையாளம் தெரியாதா என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஏன் வந்தன, எப்படி வந்தன என்று சந்தோஷபுரத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? முந்தின நாள் அந்த வீட்டில் நடந்த கூத்துதான் ஊருக்கே தெரியுமே.

முந்தின நாள் எப்சிபாவுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஜெப்ரின், மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருக்கிறான், பெண்ணும் பையனும் இரண்டு வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, வீட்டுக்குச் சொல்லி, வீடும் சம்மதித்து, எல்லாம் ஒழுங்காக நடந்த காரியம். மாப்பிள்ளையின் அப்பா மேல்நிலைப் பள்ளி விலங்கியல் வாத்தியார். அவர் பெயர் ஆதாம். அந்த ஆதாம்தான் ஆதாமும் கிடையாது ஏவாளும் கிடையாது என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். கோவிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார், அதுவும் கேக்குக்காக. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தாலிகட்டு என்று நாள் குறித்தார்கள். புதன் பிறந்துவிட்டால் லெந்து நாட்கள், நாற்பது நாளைக்குக் கோவிலில் தாலி ஏறாது. அந்த வாரக் கடைசியில் பையன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியாக வேண்டும், அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. ஆக, செவ்வாய், விட்டால் இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பார்கள். பேச்சு முடிந்து இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் அந்தச் சம்பந்தம் முறியாது. அன்றைக்கும் இலை போட்டு, சோறு வைத்து, ஆட்டுக்கறி ஊற்றி, கையை வைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற நேரத்தில் சிகாமணி ஜெபம் பண்ண எழுந்தார். முப்பத்தைந்து வருஷம் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய்த் தடுப்பூசி போட்ட மனுஷன், ஜெபத்திலும் அதுதான் வரும். இந்த உடம்புக்குள் கோடானுகோடிப் போர்ச்சேவகரைப் படைத்து, அம்மைக்கும் காலராவுக்கும் எதிராக ஆறாம் நாளிலேயே காவல் வைத்த கர்த்தாவே என்று அவர் உருகிக்கொண்டிருந்தபோது, ஆதாம் வாத்தியார் கண்ணைத் திறந்துவிட்டார்.

"படைச்சது இல்ல சம்பந்தி" என்றார். "கொஞ்சங்கொஞ்சமா வந்தது. கடல்ல கிடந்த ஒத்தை உயிரு பக்கத்துல வந்ததை முழுங்கிச்சு பாரும், அதோட வாரிசுதான் உம்ம ரத்தத்துல ஓடுது."

ஜெபத்தின் நடுவில் பேசியதே பாவம். அதுவும் இப்படிப் பேசியது. அப்போ என் ரத்தத்தில் சாக்கடைப் புழுவா ஓடுகிறது என்று இவர் கேட்க, புழு எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது என்று அவர் திருத்த, கறி ஆறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஆதாம் வாத்தியார் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒழுங்காகப் படைத்திருந்தால், பாயை உதறுகிற தூசிக்கு நீர் எதற்கு ஓய் பதினோரு தும்மல் போடுகிறீர், தூசிக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாத காவல்காரனையா உம்முடைய ஆண்டவர் வேலைக்கு வைத்தார் என்று கேட்டுவிட்டார். சிகாமணியின் தும்மல் ஊருக்கே தெரிந்த தும்மல், ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவருக்குச் சுருக்கென்றது. குரங்குக்குப் பிறந்தவனுக்கு எங்கள் வீட்டுக் கறி எதற்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆதாம் வாத்தியார் எழுந்தார், அவர் மனைவி லில்லி எழுந்தாள், ஜெப்ரின் எப்சிபாவைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். கை நனைக்காமல் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஐயர் வந்து, அதாவது சபையின் போதகர் வந்து, இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, கலியாணம் கலியாணமாக இருக்கட்டும், அமீபா அமீபாவாக இருக்கட்டும் என்று சமாதானம் பண்ணினார். இரண்டு பேரும் சரி என்றார்கள். அதற்கு மறுநாள் காலையில்தான் இந்தத் தும்மல்.

நாலே நாளில் ஊர் பழகிவிட்டது. கேட்டைத் திறந்தால் ஒன்று வந்து கணுக்காலைத் தொடும், ஆப்பமாவு பட்டதுபோல ஜில்லென்று இருக்கும், தெரிந்த ஆள் என்றால் ஒதுங்கி வழிவிடும், தெரியாத ஆள் என்றால் முழங்கால் வரைக்கும் ஏறி மொய்த்துக்கொண்டு மேற்கொண்டு நகர விடாது. பால்காரி அதற்குக் காலை நீட்டிக் காட்டப் பழகினாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார், கொசுமருந்து அடிக்கிற பஞ்சாயத்து ஆட்கள் இந்தத் தெருவுக்குத் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள், சொறி சிரங்கு பிடித்த பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவந்து கேட்டோரம் அரைமணி நேரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். பதினைந்து வருஷமாகச் சிகாமணியோடு முகம்பார்த்துப் பேசாத பெரியப்பா மகன் ஒருத்தர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், அவை தன் காலைத் தொட்டுவிட்டு மரியாதையாக வழிவிட்டதைக் கண்டு, கேட்டுக்கு உள்ளேயே குத்தவைத்து அழுதுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சிகாமணியின் பின்னால் ஒரு பத்துப் பன்னிரண்டு கோவிலுக்கும் போயின, பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காகத்தான் இருந்தன. திருவிருந்து நேரத்தில் மட்டும் எல்லாரும் வாய்வைத்துக் குடிக்கிற கிண்ணத்தைப் பார்த்து ஒன்று எம்பியது. அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது.

காவல் எல்லாம் வெளியே நின்றதில் ஒரே ஒரு சங்கடம், உள்ளே காவல் இல்லை. தெருவில் போகிற வருகிற சளியெல்லாம் சிகாமணியிடம் வந்து தங்கிவிட்டன. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பாருங்கள் படைப்பின் மகத்துவத்தை என்று போகிறவர்களுக்குக் காட்டினார். எதிர்ப்பக்கத்து ரோட்டில் ஆதாம் வாத்தியார் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நோட்டோடு வரிசையாக நிற்கவைத்து, அது நகர்கிற விதத்தைப் பாருங்கள், அச்சு அசல் அமீபா, குடும்பச் சாயல் போகுமா என்று படம் வரையச் சொன்னார். ஐயர் இரண்டு பேரையும் பேசவைத்துத் தீர்த்துவிடலாம் என்று பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார். சாட்சிக்கு ஒன்றை இட்லிக் கொப்பரையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சிகாமணி ஒரு மணி நேரம் பேசினார், ஆதாம் வாத்தியார் ஒரு மணி நேரம் பேசினார், அப்புறம் யாரோ அதையே கேட்டுவிடலாமே என்று சொல்ல, மைக்கை அதன் பக்கத்தில் பிடித்தார்கள். அது மைக்கின் பஞ்சுத் தொப்பியைத் தின்றது. இரண்டு கட்சியும் கைதட்டிக் கலைந்துபோயின.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, புடவை எடுக்கிற நாள் வருகிற வரைக்கும்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரும் வந்தார்கள். கேட்டைத் திறந்து ஆதாம் வாத்தியார் ஒரு காலை உள்ளே வைத்தார். ஊரில் அத்தனை பேருக்கும் வழிவிட்ட வெள்ளையணுக்கள் அவர் இடுப்பு வரைக்கும் ஏறின. லில்லிக்கு முழங்கால் வரைக்கும், ஜெப்ரினுக்குக்கூட, பாவம், புதுச் செருப்பு முழுக்க. சிகாமணி ஓடிவந்து விரட்டினார், கெஞ்சினார், துண்டால் விசிறினார், ஒன்றுகூட அசையவில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. மனுஷன் மனசில் இன்னும் கறுவம் இருக்கிறது, அதுதான் இது என்று தெரு சொல்லிக்கொண்டது. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று சிகாமணி சத்தியம் பண்ணிப் பார்த்தார். அவருடைய ரத்தத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆனாலும் முப்பத்தைந்து வருஷ அனுபவம் சும்மா விடுமா? உடம்புக்குப் பழகாத ஒன்றை வீரியம் குறைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் காட்டினால் பழகிக்கொள்ளும், அவ்வளவுதானே விஷயம் என்று சிகாமணி தீர்மானித்தார். ஜெப்ரினிடம் சொல்லி ஆதாம் வாத்தியாருடைய தேய்ந்த செருப்பு ஒன்றை வரவழைத்து முதல் நாள் வெள்ளையணுக்களின் நடுவில் வைத்தார். இரண்டாம் நாள் ஆதாமின் தலைத்துண்டை வீரியம் குறைவதற்காகக் கொதிக்கும் தண்ணீரில் இருபது நிமிஷம் அவித்து, உலர்த்தி வைத்தார். மூன்றாம் நாள் ஆதாமின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ. பழைய ஞாபகத்தில் ஆதாமின் பெயருக்கு ஒரு தடுப்பூசி அட்டையே போட்டுத் தேதி குறித்துக்கொண்டார். அவை செருப்பையும் துண்டையும் போட்டோவையும் சுற்றிச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, அமைதியாகத் திரும்பிப் போனதைக் கண்டு அவருக்குக் கண் நிறைந்தது. வெள்ளிக்கிழமை தைரியமாக ஆள் அனுப்பிச் சம்பந்தியை வரச் சொன்னார்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஆதாம் வாத்தியார் தபால் பெட்டி முக்கு திரும்பினாரோ இல்லையோ, அத்தனையும் கேட்டைத் தாண்டிக் குதித்துத் தெருவில் பாய்ந்தன. முன்பெல்லாம் கேட்டுக்குள் வந்தால்தான் ஏறும். இப்போது இரண்டு தெரு தள்ளியே வாசனை பிடித்துவிட்டன. பாய்ந்ததோடு விட்டனவா? உண்டிவில் கவட்டை மாதிரிச் சின்னச் சின்ன எதிர்ப்பொருள் கவட்டைகளை வீசின, அவை ஆதாமின் சட்டை முழுக்க முள்ளாக ஒட்டிக்கொண்டன. வீட்டில் எப்சிபா இடுப்பில் கைவைத்து அப்பாவைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஊசி குத்துனீங்களேப்பா, அம்மையை வீட்டுக்குள்ள விருந்துக்குக் கூப்பிடவா குத்துனீங்க? அடுத்த தடவை வந்தா அடையாளம் கண்டு அடிக்கத்தானே?"

சிகாமணி தடுப்பூசி அட்டையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஆதாம் வாத்தியார் சட்டையிலிருந்து கவட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி, ஓடிவந்த சிகாமணியிடம் முக்கிலேயே நின்று பேசினார், கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "சம்பந்தி, உம்ம வாய் சரிங்குது, உம்ம ரத்தம் வேண்டாங்குது. வாய் பொய் சொல்லும். நான் ரத்தத்தைத்தான் நம்புவேன். வேண்டாம், விட்டிருவோம்." அவருக்குப் பின்னால் ஜெப்ரின் தலையைக் குனிந்து நின்றான். செவ்வாய்க்கு நாலு நாள் இருந்தது.

அன்றைக்கு எப்சிபா வேலைக்குப் போகவில்லை. அழவும் இல்லை. மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் நெத்திலிப் பொரியல் இருந்தது.

"நெத்திலி உங்களுக்குச் சொந்தமாப்பா?"

என்ன பேச்சு பேசுகிறாள் என்று சிகாமணி பார்த்தார்.

ரத்தத்துக்குள் நேராக நுழைந்தால் ஒரு துளி நெத்திலியைக்கூட உங்கள் ஆட்கள் விட மாட்டார்கள், வாய் வழியாக வந்தால் அதே நெத்திலியைத் தட்டு தட்டாக உள்ளே விட்டுவிடுகிறார்கள், சோறாக வந்ததோடு உடம்பு சண்டைக்குப் போகாது, நாங்கள் படித்தது அதுதான் என்று அவள் சொன்னாள். அந்த வீட்டாரோடு நாம் இன்னும் கை நனைக்கவில்லை, அதனால்தான் ரத்தத்துக்கு அவர்களைத் தெரியவில்லை என்றாள். அவர் இங்கே கை நனைக்க வேண்டுமென்றால் முதலில் உள்ளே வர வேண்டுமே என்றார் சிகாமணி.

"அவங்க வர வேண்டாம். நீங்க போங்க."

சொர்ணபாய் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தாலி ஏறுவதற்கு முன்னால், அவர்கள் இங்கே கை நனைக்காமல் போயிருக்கும்போது, பெண்ணைப் பெற்றவன் கூப்பிடாத வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்காருவதாவது! சந்தோஷபுரம் உண்டான நாளிலிருந்து ஒரு ஆண்பிள்ளை செய்ததில்லை. சிகாமணி நெத்திலியைத் தொடாமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பிறந்தபோது முதல் தடுப்பூசியை அவர்தான் போட்டார். ஆயிரக்கணக்கில் பிள்ளைகளுக்குக் குத்திய மனுஷன், அந்த ஒரு ஊசியைத்தான் இரண்டு தடவை கொதிக்கவைத்துக் குத்தினார். இவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் வந்தது. இப்போது வந்திருப்பது நான்தான் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை உச்சிவெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பின்னால் வெள்ளையணுப் பட்டாளம் உருண்டு வர, ஊர் முழுக்கச் சன்னலில் நின்று பார்க்க, சிகாமணி ஆதாம் வாத்தியார் வீட்டுக்கு நடந்தார். லில்லி கதவைத் திறந்தாள். "சாப்பிட வந்திருக்கேன்மா" என்றார். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடாவிட்டாலும் கை பழக்கத்தில் தட்டை எடுத்தது.

சோறு, சாளை மீன் குழம்பு, முருங்கைக்கீரை. ஆதாம் வாத்தியார் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. சிகாமணி கண்ணை மூடினார். எப்போதும் ஆதியிலே தொடங்கி ஆறு நாளையும் ஒரு சுற்று சுற்றி வருகிறவர், "கர்த்தாவே, இந்தச் சாளைக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்றார். அவ்வளவுதான்.

"யாரு படைச்சாங்கன்னு சொல்லலையே?" என்றார் ஆதாம் வாத்தியார், தாளைப் பார்த்தபடியே.

"குழம்பு ஆறிரும் வே" என்றார் சிகாமணி, சோற்றில் கையை வைத்தார்.

ஆதாம் வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து, லில்லி கையிலிருந்த கரண்டியை வாங்கி, பெரிதாகப் பார்த்து இரண்டு சாளையை அவரே எடுத்துப் போட்டார். சிகாமணி தின்றார். சளி பிடித்த மூக்குக்கு அந்தப் புளியும் மிளகும் இதமாக இருந்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டார், மூன்றாம் தடவை குழம்பு மட்டும் கேட்டார். வயிற்றிலிருந்து சேதி போயிருக்க வேண்டும், வாசலில் நின்ற வெள்ளையணுக்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின. ஆதாம் வாத்தியார் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். அப்புறம் சிகாமணியைப் பார்த்து, ஒரு காலை மெதுவாக இறக்கினார். ஒன்று வந்து கணுக்காலைத் தொட்டது, ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தது, பிறகு ஒதுங்கி வழிவிட்டது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. லில்லி பெருமூச்சு விட்டு மீதிக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

சிகாமணி பின்கட்டில் கைகழுவும்போது அவை அவர் விரலில் ஏறி, சின்னதாகி, நகக்கண் வழியாக உள்ளே போயின. தெருவின் சளியெல்லாம் அந்த நிமிஷமே அவரை விட்டுப் போயிற்று; மூக்கு திறந்ததும் அவருக்கு முதலில் தெரிந்தது சாளை வாசனைதான். ஒன்று மட்டும் வரவில்லை. அது ஆதாம் வாத்தியாரின் மடியில் ஏறிச் சுருண்டு கிடந்தது. இவர் கூப்பிட்டும் வரவில்லை. கிடக்கட்டும், எனக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை, வகுப்புக்குக் காட்ட ஆகும் என்று ஆதாம் வாத்தியார் விறைப்பாகச் சொன்னார், ஆனால் மடியை அசைக்காமல்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரும் கேட்டைத் திறந்து சாதாரணமாக நடந்து உள்ளே வந்தார்கள், இலையில் உட்கார்ந்தார்கள், கை நனைத்தார்கள். செவ்வாய்க்கிழமை எப்சிபா கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் இரண்டு சம்பந்திகளும் முந்திரிப்பருப்பு பழத்துக்கு வெளியே தொங்குவது படைப்பா, பரிணாமமா என்று மறுபடியும் தொடங்கிவிட்டார்கள், ஐயர் பந்தி மாறி உட்கார்ந்துகொண்டார்.

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். ஆதாம் வாத்தியார் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருத்தர், பத்திரிகை படிக்கிறவர், உங்கள் ஊரில் ஊசிக்காரர் ஒருத்தர் உடம்பைக் கடவுள் ஆறாம் நாளில் படைத்தார் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாராமே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு முட்டாளா என்று சிரித்தார். நியாயமாகப் பார்த்தால் ஆதாம் வாத்தியார் தினமும் சொல்கிறதைத்தான் அந்த ஆளும் சொன்னார். ஆமாம் என்று சொல்லத்தான் வாத்தியாரும் வாயைத் திறந்தார்.

தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு என்று டீ மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். பதினோராவது தும்மல் முடிந்தபோது பெஞ்சுக்கு அடியில் இட்லி அளவில் வெள்ளையாக ஒன்று உருண்டு போய், வெளியூர்க்காரரின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, முழங்கால் வரைக்கும் ஏறிக்கொண்டது. டீ மாஸ்டர் அடுத்த டீயை ஆற்றினார். ஆதாம் வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க சம்பந்தியை அப்படிச் சொல்லப்பிடாது" என்றார்.